ஃபைனல் இயர் பசங்களுக்கு: ரெஸ்யூமும் கவர் லெட்டரும் எழுதுறது எப்படி

பிளேஸ்மெண்ட் சீசன் வந்ததும் நம்ம பசங்க செய்யுற முதல் வேலை சீனியரோட வேர்டு ஃபைல வாங்கி பேர மட்டும் மாத்துறது. அதனால ஒரு டிபார்ட்மெண்ட்ல இருந்து வர்ற ரெஸ்யூம் எல்லாத்துலயும் அதே அப்ஜெக்டிவ், சவாலான வேலை தேடுறேன் உங்க நிறுவனத்தோட சேர்ந்து வளர விரும்புறேன்னு, அதே ஹாபி பாட்டு கேக்குறது கிரிக்கெட் பாக்குறது, கடைசில அதே டிக்ளரேஷன். சில ஃபைல்ல சீனியரோட அப்பா பேர் கூட மாறாம வந்திருக்கு. ரெஃபரல் கேட்டு ஜூனியர்ஸ் அனுப்புறத நெறைய பாக்குறதால சொல்றேன், பாக்குறவங்க முதல் பாதி பக்கத்துலயே முடிவு பண்ணிடுவாங்க, அந்த இடத்துல அப்ஜெக்டிவ் உக்காந்திருந்தா இடம் வேஸ்ட்.

எத தூக்கணும்னு முதல்ல முடிச்சிடுவோம். அப்பா பேர், மதம், மேரிட்டல் ஸ்டேட்டஸ், ஆதார் நம்பர், வீட்டு ஃபுல் அட்ரஸ், டிக்ளரேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எதுவும் வேணாம், கேட்டா மட்டும் கொடுங்க. ஊர் பேர், போன் நம்பர், மெயில், லிங்க்ட்இன், கோடிங் ஆளா இருந்தா கிட்ஹப் லிங்க், போதும். மெயில் ஐடி ஸ்கூல்ல ஆரம்பிச்ச மாஸ் பேர்ல இருந்தா புதுசா ஒண்ணு ஓபன் பண்ணிடுங்க. இனிஷியல் விஷயம் ஒண்ணு இருக்கு, மார்க் ஷீட்ல இனிஷியல் பின்னாடி, ஆதார்ல முன்னாடி, லிங்க்ட்இன்ல அப்பா பேர் ஃபுல்லான்னு மூணு விதமா இருக்கும், ரெஸ்யூம்ல பத்தாவது மார்க் ஷீட்ல இருக்குற மாதிரியே போடுங்க, ஆஃபர் வந்தப்புறம் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல தேவையில்லாத அலைச்சல் வராது.

இப்ப மெயின் மேட்டர். ஃப்ரெஷருக்கு ரெஸ்யூம்னா ப்ராஜெக்ட் தான். ஆனா எல்லாரும் தலைப்ப எழுதிட்டு நிறுத்திடுறாங்க. "ஐஓடி பேஸ்டு ஸ்மார்ட் இரிகேஷன் சிஸ்டம்", கீழ ஒரு வரி, விவசாயிகளுக்கு உதவும்னு. இந்த ப்ராஜெக்ட் இல்லாத ஈசிஇ டிபார்ட்மெண்டே கிடையாது, அதுல நீங்க என்ன செஞ்சீங்கன்னு எப்படி தெரியும்? அதையே இப்படி எழுதலாம் (ஈஎஸ்பி32ங்கிறது வைஃபை இருக்குற சின்ன கன்ட்ரோலர் போர்டு, ஏடிசி பின்னுங்கிறது அதுல சென்சார் சிக்னல நம்பரா மாத்திப் படிக்கிற இடம்): "4 பேர் டீம்ல ஈஎஸ்பி32 கோடிங் என் பொறுப்பு. வைஃபை ஆன் பண்ணதும் ஏடிசி2 பின்ல சென்சார் ரீடிங் நின்னுபோச்சு, ஏடிசி1 பின்னுக்கு மாத்தி சரி பண்ணேன். சாதா மண் ஈர சென்சார் துருப்பிடிச்சதால கெப்பாசிட்டிவ் சென்சாருக்கு மாறினோம்." அவ்ளோ தான். எம்பெடட் தெரிஞ்ச ஒருத்தர் இத படிச்சா இவன் நிஜமாவே போர்டுல கை வச்சவன்னு புரிஞ்சுடும், ஏன்னா ஈஎஸ்பி32ல வைஃபை ஓடும்போது ஏடிசி2 ஒழுங்கா வேலை செய்யாதுங்கிறது செஞ்சு மாட்டினவனுக்கு தான் மறக்காது. இங்கிலீஷ்ல எழுதும்போதும் இதே மாதிரி சின்ன சின்ன வாக்கியமா, நான் என்ன செஞ்சேன், எத வச்சு செஞ்சேன், என்ன ஆச்சுன்னு எழுதுங்க.

ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து வாங்கினதா இருந்தா? ஊர்ல நடக்காதது ஒண்ணும் இல்ல, ஆனா அத அப்படியே ரெஸ்யூம்ல ஏத்துனா இண்டர்வியூல முதல் கேள்வியே அங்க இருந்து தான் வரும். அதுக்கு பதிலா செகண்ட் இயர் மினி ப்ராஜெக்ட் சின்னதா இருந்தாலும் உங்க கையால பண்ணது மேல வரட்டும். ஒவ்வொரு வரிக்கும் இது தான் டெஸ்ட்: இத பத்தி எதிர்ல இருக்கிறவர் அஞ்சு நிமிஷம் கேட்டா பேச முடியுமா, முடியாதுன்னா வெட்டிடுங்க. ஸ்கில்ஸ்ல சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான், ஆர், மெஷின் லேர்னிங்னு அடுக்கிட்டு ஜாவால ஒரு லூப் எழுத சொன்னா முழிக்கிறத விட, பைத்தான், எஸ்க்யூஎல் ரெண்ட மட்டும் போட்டு ரெண்டுலயும் ஸ்ட்ராங்கா நிக்கிறது எவ்ளோவோ மேல்.

ஆர்ட்ஸ் காலேஜ் பசங்க எங்களுக்கு ப்ராஜெக்டே இல்லன்னு சொல்லுவாங்க. பி.காம் படிச்சிட்டு லீவுல ஆடிட்டர் ஆபீஸ்ல உக்காந்தது, மாமா கடைல கணக்கு பாத்தது, டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சது, என்எஸ்எஸ் கேம்ப்ல சாப்பாட்டு செலவு கணக்கு பாத்தது எல்லாம் எழுதுற விஷயம் தான். கடைன்னு எழுத வெக்கப்படாதீங்க. தினமும் எத்தன பில், டேலி சாஃப்ட்வேர்லயா நோட்டுலயா, ஸ்டாக் எப்படி சரி பாத்தீங்கன்னு எழுதினா அது எக்ஸ்பீரியன்ஸ்.

சர்டிஃபிகேட் விஷயத்துல நான் கொஞ்சம் கறார். ஒருநாள் வெபினார் பார்ட்டிசிபேஷன் எல்லாம் வேணாம். ஐஐடி, ஐஐஎஸ்சி நடத்துற ஆன்லைன் கோர்ஸான என்பிடெல்ல பரிட்சை ஹால்ல போய் எழுதுறோம், அசைன்மெண்ட் 25, எக்ஸாம் 75, அதனால அதுக்கு மதிப்பு இருக்கு, எலைட் சில்வர் கோல்டு எதாவது வந்திருந்தா சேத்து எழுதுங்க. தமிழ்நாடு அரசோட நான் முதல்வன் திட்ட கோர்ஸ்ல எதாவது செஞ்சு காட்டியிருந்தா செஞ்சத எழுதுங்க, கோர்ஸ் பேர் மட்டும் போதாது.

மார்க்: சிஜிபிஏ எவ்ளோவோ அப்படியே போடுங்க. நெறைய கம்பெனி பத்து, பன்னெண்டு, டிகிரி மூணுலயும் 60 சதவீதம்னு கேப்பாங்க, டிப்ளமோ முடிச்சு லேட்டரல் எண்ட்ரில வந்தவங்க பன்னெண்டுக்கு பதிலா டிப்ளமோ மார்க். அரியர் இருந்தா ரெஸ்யூம்ல விளம்பரம் பண்ண வேணாம், ஆனா அப்ளிகேஷன் ஃபார்ம்ல ஸ்டாண்டிங் அரியர் எத்தனன்னு கேட்டா பொய் சொல்லாதீங்க, ஜாயினிங் டைம்ல கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் கேக்கும்போது மாட்டுவீங்க.

டிசைனுக்கு ரொம்ப மெனக்கெட வேணாம். கேன்வா ஆப்ல பக்கத்த நெடுக்குல ரெண்டா பிரிச்சு, கலர் பட்டை, ஸ்கில்லுக்கு ஸ்டார்னு போடுறது பாக்க அழகு, ஆனா பெரிய கம்பெனிக்கு ஆன்லைன்ல போட்டா முதல்ல படிக்கிறது பெரும்பாலும் ஒரு சாஃப்ட்வேர். செக் பண்ண ஈஸியான வழி, பிடிஎஃப்ப ஓபன் பண்ணி எல்லாத்தையும் செலக்ட் பண்ணி நோட்பேட்ல பேஸ்ட் பண்ணுங்க, வரிசை மாறி குழம்பி வந்தா சாஃப்ட்வேரும் பெரும்பாலும் அப்படி தான் படிக்கும், பக்கத்த பிரிக்காம மேல இருந்து கீழ ஒரே வரிசையா மாத்திடுங்க. ஒரு பக்கம், பிடிஎஃப், ஃபைல் பேர்ல உங்க பேர். "ஃபைனல் நியூ 3"ன்னு அனுப்பாதீங்க ப்ளீஸ்.

கவர் லெட்டர் கேம்பஸ்ல பெரும்பாலும் கேக்க மாட்டாங்க. ஆஃப் கேம்பஸ், இண்டர்ன்ஷிப், சின்ன கம்பெனிக்கு நேரா மெயில் போடுறப்ப தான் அது வேலைக்கு ஆகும், அங்க மெயில் பாடியே கவர் லெட்டர். நமக்கு லெட்டர்னாலே ஸ்கூல் லீவ் லெட்டர் தான், அனுப்புநர், பெறுநர், ரெஸ்பெக்டட் சார், தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த பணிவு இங்க தேவையில்ல, மரியாதை போதும். பி.காம் முடிக்கப்போற ஒரு பொண்ணு அக்கவுண்ட்ஸ் ட்ரெய்னி வேலைக்கு எழுதுறான்னா, விஷயம் இவ்ளோ தான் இருக்கணும் (ஜிஎஸ்டிஆர்-1ங்கிறது விற்பனை விவரத்த ஜிஎஸ்டிக்கு தாக்கல் பண்ற ரிட்டர்ன்):

"உங்க ஆபீஸ்ல ட்ரெய்னி எடுக்குறத நௌக்ரில பார்த்தேன். போன லீவுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சேல்ஸ் பில் டேலில ஏத்தி, ஜிஎஸ்டிஆர்-1க்கு பிசினஸ் பில்லையும் சில்லறை பில்லையும் பிரிச்சு கொடுத்தேன், 11ஆம் தேதிக்குள்ள முடிக்கிற அவசரம் எனக்கு பழக்கம். விளம்பரத்துல எக்செல் கேட்டிருக்கீங்க, பிவோட் டேபிள் வரைக்கும் தெரியும். மே மாசம் எக்ஸாம் முடிஞ்சதும் சேர முடியும், ரெஸ்யூம் இணைச்சிருக்கேன்."

எந்த வேலை, அதுக்கு பொருந்துற மாதிரி நான் என்ன செஞ்சேன், எப்ப வர முடியும். கடின உழைப்பாளி, டீம் பிளேயர் எல்லாம் இதுல எங்கயும் இல்ல பாருங்க. சாட்ஜிபிடில எழுத வச்சா அந்த வார்த்தைங்க தான் முதல்ல வந்து நிக்கும், அதனால நீங்க எழுதி முடிச்சு கிராமர் மட்டும் பாக்க சொல்லுங்க. கம்பெனி பேர மாத்த மறந்து ஒரு கம்பெனி லெட்டர இன்னொரு கம்பெனிக்கு அனுப்புறது அடிக்கடி நடக்குது, அனுப்புறதுக்கு முன்னாடி அத மட்டுமாவது ஒரு தடவ பாத்துக்கோங்க. சப்ஜெக்ட் லைன்ல வேலை பேரும் உங்க பேரும்.

அனுப்பினதும் அந்த வேலை விளம்பரத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, இண்டர்வியூ கால் வர்றப்ப லிங்க் போயிருக்கும். ஒரு வாரம் பதில் இல்லன்னா அதே மெயில்லயே ரெண்டு வரில ஒரு தடவ கேளுங்க, அதுக்கு மேல துரத்தாதீங்க, அடுத்த கம்பெனிக்கு போடுங்க. தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தா மட்டும் இந்த ரெண்டு மாசம் கட் பண்ணாதீங்க.