வாரிசு சான்றிதழில் விடுபட்ட பாட்டி பெயர்

தண்டையார்பேட்டை வீடு அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் இல்லை. அவர் இறந்தபின் வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு போட்டபோது அம்மா, அண்ணன், நான், தங்கை என நான்கு பெயர் கொடுத்தோம். மனு திரும்பி வந்தது. அப்பாவைப் பெற்ற பாட்டி இருக்கிறார், அவர் பெயர் இல்லை.

நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், அதாவது முதல் உரிமை உள்ளவர்கள். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. இறந்தவரின் தந்தை இரண்டாம் வகுப்புதான். கட்டிக்கொடுத்த தங்கைக்கும் சம பங்கு. சீர் செய்ததைக் காட்டிக் கழிக்க முடியாது.

பாட்டியின் ஆதாரைச் சேர்த்து மறுபடி மனு போட்டோம். இறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் ‘கே’, ரேஷன் கார்டில் ‘கி’. மறுமனு போடும் முன்பே மாநகராட்சியில் அதைத் திருத்தி வாங்கினோம்.

பாட்டி "எனக்கு எதுக்குப்பா பங்கு, நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். வாய்ச்சொல் போதாது, 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் செல்லாது. தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அப்படியே விட்டால், பாட்டி காலத்துக்குப் பின் அவர் பங்கு அத்தை, சித்தப்பா வரை பிரியும். அப்புறம் வீட்டை விற்க அத்தனை பேர் கையெழுத்தும் தேவை. நடக்க முடியாதவர் என்றால், தனி மனு கொடுத்துக் கட்டணம் கட்டி, பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைக்கலாம். பாட்டிக்கு அப்படித்தான் செய்தோம்.