காரை பெயராத கான்கிரீட் தளம்: வடிவமைப்பு, படிப்படியாக

பழைய வீட்டின் தளத்தில் அடிக்காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வரிவரியாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட தளத்தைப் பார்க்கப் போனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, “கம்பியைக் குறைச்சுப் போட்டுட்டாங்களா சார்?” என்பதுதான். நான் பார்த்தவரை பெரும்பாலும் கம்பி போதுமான அளவு இருந்திருக்கிறது. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்ததில்லை. அதனால் கம்பிக் கணக்குக்கு முன்னால் வேறு சில முடிவுகளை எடுக்கச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு நாகப்பட்டினத்தில் ஒரு வீடு. உள்ளறைத் தளம், நான்கு பக்கமும் சுவர், கணக்கில் எடுக்கும் அகல நீளம் 3.2 மீட்டருக்கு 4 மீட்டர்.

படி 1: சூழலைப் பாருங்கள்

கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456:2000, சூழலை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. திருச்சி போன்ற உள்நாட்டு ஊரில், வெயில் மழை படாத உள்தளம் என்றால் எம்20 கான்கிரீட் (எம்-க்குப் பின் வரும் எண் அதன் வலிமை), 20 மி.மீ. கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) போதும். கடலோர ஊரில், உப்புக்காற்று நேரடியாகப் படாத உள்தளத்துக்கே எம்25, 30 மி.மீ. கவர் வேண்டும். உப்புக்காற்றை நேராக வாங்கும் பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் எம்30, 45 மி.மீ. கவர்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? புதுக் கான்கிரீட் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளிப்பரப்பிலிருந்து அந்தக் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு உள்ளே போகும். அது போகும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். அதாவது 15 மி.மீ. ஆழத்தை 10 வருடத்தில் எட்டினால், 30 மி.மீ.க்குப் போக ஏறக்குறைய 40 வருடம் ஆகும். கவரைப் பாதியாக்கினால் ஆயுள் பாதியாகாது, கால்வாசியாகிவிடும்! கடலோரத்தில் உப்பும் சேர்வதால் நிலைமை இன்னும் மோசம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் அடிக்காரையைத் தள்ளி உடைக்கிறது.

படி 2: தடிமன்

நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.25. இது 2-க்குள் இருப்பதால் இருவழித் தளம், அதாவது சுமை இரண்டு திசையிலும் சுவருக்குப் போகும். குறுகிய பக்கம் 3.5 மீட்டருக்குள்ளும், பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டனுக்குள்ளும் இருந்தால், சுவரில் சும்மா உட்காரும் (சுவரோடு பிணைக்கப்படாத) இருவழித் தளத்துக்கு முறுக்குக் கம்பியோடு குறுகிய பக்கத்தை 28-ஆல் வகுத்துத் தடிமனை எடுக்கலாம். 3200 ÷ 28 = 114 மி.மீ. நான் 125 மி.மீ. எடுப்பேன். மெலிந்த தளம் உடனே விழுந்துவிடாது. ஆனால் வருடக்கணக்கில் தொய்ந்து, மேலே கட்டிய தடுப்புச் சுவரில் விரிசல் விடும்.

படி 3: சுமை

எல்லாம் சதுர மீட்டருக்கு. சொந்த எடை, கான்கிரீட் கன மீட்டருக்கு 25 கிலோ நியூட்டன் என்பதால், 0.125 × 25 = 3.125. டைல்ஸ் பூச்சு 1. வீட்டுப் பயன்பாடு 2. ஆக 6.125 கிலோ நியூட்டன். பாதுகாப்புக்காக 1.5-ஆல் பெருக்கினால் சுமார் 9.19.

படி 4: கம்பி

நான்கு பக்கமும் சும்மா உட்காரும் தளத்துக்கு, 1.25 விகிதத்தில் ஐஎஸ் 456 அட்டவணைப்படி குறுகிய திசைக் குணகம் சுமார் 0.0885. வளைவுத் திருப்புத்திறன் (சுமை தளத்தை வளைக்கப் பார்க்கும் அளவு) 0.0885 × 9.19 × 3.2² = 8.33 கிலோ நியூட்டன் மீட்டர். 125-ல் 30 கவரும் பாதிக் கம்பியும் போக, பயனுள்ள ஆழம் (மேல்பரப்பிலிருந்து கம்பியின் நடுவரை) 91 மி.மீ. எஃப்இ 500 கம்பியில் (500 என்பது கம்பியின் வலிமை) மீட்டருக்கு ஏறக்குறைய 221 சதுர மி.மீ. தேவை. 8 மி.மீ. கம்பி 200 மி.மீ. இடைவெளியில் போட்டால் 251 கிடைக்கும், போதும். நீளத் திசையிலும் அதே இடைவெளி. மொத்தப் பரப்பில் 0.12 சதவீதம், அதாவது 150 சதுர மி.மீ., என்ற குறைந்தபட்சத்தையும் தாண்டிவிட்டோம்.

மேலே சுவர் அமரும் மூலைகள் எழும்ப முடியாது. அங்கே 640 மி.மீ. நீளத்துக்கு மேலும் கீழும் வலைக்கம்பி தேவை. இல்லாவிட்டால் குறுக்காக விரிசல் வரும்.

படி 5: களத்தில்

வரைபடத்தில் ‘30 மி.மீ. கவர்’ என்று எழுதினால் மட்டும் போதாது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கான்கிரீட் கவர் பிளாக்கை மீட்டருக்கு ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். ஜல்லித் துண்டை வைத்து ஒப்பேற்ற விடாதீர்கள். ஆட்கள் மிதிக்கும்போது மேல்கம்பி அமுங்காதபடி சேர் கம்பி (நாற்காலி போல வளைத்துத் தாங்கலாக வைக்கும் கம்பி) வையுங்கள்.

அப்புறம் தண்ணீர். நீர்–சிமெண்ட் விகிதம் 0.50 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர், ஈர மணலில் இருப்பதையும் சேர்த்து! கலவை இறுகுகிறதென்று ஒரு குடம் ஊற்றினால் முதல் படியில் எடுத்த முடிவெல்லாம் வீண். குழைவு வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் சேருங்கள்.

பிபிசி சிமெண்ட் (பொசலானா எனப்படும் சாம்பல் போன்ற பொருள் கலந்தது) என்றால் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும். 4.5 மீட்டருக்குள் இருக்கும் தளத்துக்கு, சாதாரண சிமெண்டில் 7 நாளில் முட்டுகளை எடுக்க விதி அனுமதிக்கிறது. பிபிசி மெதுவாகவே வலுவடைவதால் நான் 14 நாள் காத்திருப்பேன். முட்டுகளை எடுத்த கையோடு மேல்மாடிச் சுவருக்கான செங்கல்லைத் தளத்தின் நடுவில் அடுக்கவும் விடமாட்டேன். 7 நாள் வயதில் சுமை ஏறினால் நீண்டகாலத் தொய்வுக் குணகம் 2.2, 28 நாளில் ஏறினால் 1.6. செங்கல் லாரி சீக்கிரம் வந்துவிட்டால், சரி, தரையிலேயே இறக்கச் சொல்லுங்கள்.