கோடையில் பெர்ஃபார்மன்ஸ் காருக்கு ஆயில் கிரேடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயில் ஏறத் தொடங்கியதும், புதிதாக வேகமான கார் வாங்கியவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "வெளியே 40 டிகிரி கொளுத்துதே, கொஞ்சம் கெட்டியான ஆயிலா போட்டுடட்டுமா?" பாதிப் பேர் 20டபிள்யூ-50 கேனை வாங்கி வைத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். (டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாக இருந்தால், சூடான நிலையில் ஆயில் அவ்வளவு கெட்டி.) தொடக்கத்தில் நாங்களும் இதே வழியாக வந்தவர்கள் என்பதால் கோபித்துக்கொள்ள முடிவதில்லை. ஆனாலும் நல்ல இன்ஜின்கள் இப்படி வீணாக அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும், பழைய வாஷரைத் திரும்பப் போடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெளியே அடிக்கும் வெயிலைப் பார்த்து கிரேடு மாற்றுவது

அதிகம் செலவு வைக்கிற தவறு இதுதான். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவதும் இதுதான்.

இன்ஜின் சூடானதும் கூலன்ட்டைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 90 டிகிரியில் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாதாரணச் சாலையில் ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள் ஓடும். வெளியே 20 டிகிரியாக இருந்தாலும் 40 டிகிரியாக இருந்தாலும் அந்த எண் கொஞ்சம்தான் நகரும். ஆயிலை உண்மையில் சூடாக்குவது நீங்கள் ஓட்டும் விதம்: விடாமல் உயர்ந்த ஆர்.பி.எம், முழு பூஸ்ட்டில் டர்போ, டிராக்கில் அடுத்தடுத்த சுற்றுகள். அங்கே 120, 130, சில கார்களில் 140 வரைகூடப் போகும். குளிர்காலத்தில் டிராக்கில் ஓடும் காருக்குத்தான் கெட்டி ஆயில் தேவைப்படலாம்; கோடையில் அலுவலகம் போய்வரும் அதே காருக்குத் தேவையே இருக்காது.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்.ஏ.இ. ஜே300 தரப்படி, 100 டிகிரியில் 30 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை (கெட்டித்தன்மை) 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (அதை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 40 கிரேடு என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்யும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடும் வெயில் காலத்தில் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இருக்கும் ஆயில் 40 டிகிரியில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நிலையில் ஒரு சாதாரண 5டபிள்யூ-30 அறுபதை ஒட்டி நிற்கும். அதாவது, வேலை செய்யும் சூட்டில் இருப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கெட்டி. 20டபிள்யூ-50 அதே இடத்தில் 150-ஐத் தாண்டி நிற்கும். "வெயிலில் ஆயில் தண்ணியாகிவிடும்" என்று பயப்படுகிற நேரத்தில்கூட, ஆயில் தேவைக்கு மேல் கெட்டியாகத்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் 5டபிள்யூ-30 கேட்கிற டர்போ காரில் கோடைக்காக 20டபிள்யூ-50 ஊற்றினார். பிரஷர் கேஜ் முன்பைவிட மேலே நிற்கிறது, இன்ஜின் சத்தமும் குறைந்திருக்கிறது என்று மகிழ்ச்சியாக இருந்தார். கொஞ்ச நாளில் காலை ஸ்டார்ட்டில் ஒரு கடகடப்பு, அப்புறம் செக் இன்ஜின் விளக்கு. கேம் டைமிங் கோளாறு என்று கோட் வந்தது. சோலினாய்டை (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு) மாற்றினார்; விளக்கு திரும்ப வந்தது. கேம் ஃபேஸரையே மாற்றினார்; மறுபடியும் வந்தது. கடைசியில் அந்த ஆயிலை வடித்துவிட்டுக் கையேட்டில் சொன்ன கிரேடை ஊற்றியதும் கோளாறு போய்விட்டது. கழற்றிப்போட்ட பாகங்களில் எந்தப் பழுதும் இல்லை. வால்வ் டைமிங்கை மாற்றும் அந்த ஃபேஸர், ஆயில் பிரஷரால் நுண்ணிய துளைகள் வழியாக இயங்குவது. கெட்டி ஆயில் அதற்குள் தாமதமாகப் போகும், தாமதமாக வெளியேறும், ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கேட்ட நேரத்தில் கேம் திரும்பாது.

அவரை ஏமாற்றியது பிரஷர் கேஜ்தான். கேஜ் காட்டுவது ஆயில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை. பேரிங்குக்கு எவ்வளவு போகிறது என்பதை அல்ல. ஆயில் கெட்டியானால் தடை கூடும், முள் ஏறும். ஓர் அளவுக்கு மேல் ரிலீஃப் வால்வு திறந்து, பம்ப் தள்ளிய ஆயிலில் ஒரு பங்கை இன்ஜினுக்குள் விடாமலே திருப்பி அனுப்பிவிடும். குளிர்ந்த நிலையில் ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்தால், வடிகட்டாத ஆயில் உள்ளே போகும். பேரிங்குக்குள் கெட்டி ஆயில் அரைபடும்போது கூடுதல் சூடும் பிறக்கும். சூட்டைக் குறைக்க ஊற்றியது சூட்டைக் கூட்டுகிறது. இதைச் சொன்னால் "முள் மேலே நிக்குதே" என்றுதான் பதில் வரும்!

கெட்டி ஆயில் கேட்கிற இன்ஜின்கள் இல்லாமல் இல்லை. பி.எம்.டபிள்யூ. இ46 எம்3-இன் எஸ்54 இன்ஜினுக்கு 10டபிள்யூ-60 சொல்லப்பட்டது. அது அந்த இன்ஜினைப் பார்த்து எடுத்த முடிவு. கார்வெட் சி7 இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. முதலில் சாலைக்கு 5டபிள்யூ-30, டிராக்குக்கு 15டபிள்யூ-50 என்றார்கள். 2019 மாடலிலிருந்து இரண்டுக்குமே 0டபிள்யூ-40 என்று மாற்றிவிட்டார்கள். டிராக் காருக்கே 50-இலிருந்து 40-க்கு இறங்கியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் கார் உண்மையிலேயே டிராக்கில் அடி வாங்குகிறது என்றால், கையேடு அனுமதிக்கிற வரம்புக்குள் ஒரு படி ஏறுங்கள்: 30 என்றால் 40. ஒரு படி என்பது ஏறக்குறைய 15 டிகிரி கூடுதல் சூட்டுக்கு ஈடு கொடுக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது போதும்.

0டபிள்யூ என்றால் கோடைக்கு ஆகாது என்று ஒதுக்குவது

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு மட்டும். 0டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டுமே 100 டிகிரியில் ஒரே வரம்புக்குள் நிற்க வேண்டும்.

பாட்டிலின் முகப்பை மட்டும் படிப்பது

இரண்டு 5டபிள்யூ-30 பாட்டில்கள் ஒன்றுபோல இருக்காது. 100 டிகிரி எண்ணைவிட, பேரிங்குக்கு முக்கியமானது ஹெச்.டி.ஹெச்.எஸ். என்ற அளவு: 150 டிகிரியில், வேகமாக அரைபடும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது. ஏ.சி.இ.ஏ. (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர்கள் சங்கம்) வகுத்த ஏ5/பி5 வகை ஆயிலில் இது 2.9-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்கும். சி3 வகையில் குறைந்தது 3.5. இரண்டின் முகப்பிலும் 5டபிள்யூ-30 என்றுதான் அச்சிட்டிருக்கும்! பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டை இறக்கிப் படியுங்கள். கார் தயாரிப்பாளர் இரண்டையும் ஏற்கிறார் என்றால், கிரேடை மாற்றாமலே பேரிங்குக்கு வலுவான படலம் கிடைத்துவிடும்.

ரேஸ் ஆயிலைத் தினசரி ஓட்டுவது

பந்தய ஆயில்கள் அடிக்கடி வடித்துவிடுவதற்காகச் செய்யப்பட்டவை. பாஸ்பரஸ் அதிகமுள்ளவை கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ கார் என்றால் இன்னொரு கவலையும் உண்டு: குறைந்த ஆர்.பி.எம்-மில் முழு பாரம் கொடுக்கும்போது, ஸ்பார்க்குக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்வது. பிஸ்டனை உடைக்கக்கூடிய கோளாறு இது. ஆயிலில் கால்சியம் சார்ந்த டிட்டர்ஜென்ட் அதிகமாக இருந்தால் இதற்கான வாய்ப்பு கூடும். 2020-இல் வந்த ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்.பி. தரத்தில் இதற்கான சோதனை இருக்கிறது. அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் கலந்ததை வெயிலின் மேல் போடுவது

"கோடையில் ஆயில் தண்ணியாகிவிட்டது" என்பவர்களிடம், டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்க்கச் சொல்கிறேன். பெட்ரோல் வாடை வந்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் காரணம் வெயில் இல்லை. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினைச் சின்னச் சின்ன தூரத்துக்கே எடுத்து ஓட்டினால், சிலிண்டர் சுவரில் படும் பெட்ரோல் சம்ப்புக்கு இறங்கிச் சேரும். ஆவியாகிப் போக ஆயிலுக்குச் சூடு போதாது. இதற்கு மருந்து கிரேடு மாற்றுவது இல்லை, சீக்கிரமாக ஆயில் மாற்றுவது. அவ்வப்போது நீண்ட தூரம் ஓட்டுவதும் உதவும்.

அதிகமாக ஊற்றுவது

கிராங்க்ஷாஃப்ட் கடைந்து நுரையாக்கிவிடும். மேல் கோட்டைத் தாண்டாதீர்கள்.

கூடுதல் சேர்மான பாட்டில்கள்

வேண்டாம்.

ஆயில் சூடு தெரியாமலே முடிவெடுப்பது

டேஷ்போர்டில் இருக்கும் கூலன்ட் முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் அது பெரிய வரம்பு ஒன்றில் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஆயிலுக்கென்று தனி சென்சார் வேண்டும், சம்ப்பிலோ ஃபில்டர் அடியில் பொருத்தும் சாண்ட்விச் பிளேட்டிலோ. சாலையில் ஒரு வாரம், டிராக்கில் ஒரு நாள் எண்களைக் குறித்துப் பாருங்கள். 120-க்குள் நிற்கிறதா, கையேட்டில் இருக்கும் கிரேடையே தொடருங்கள். 130-ஐத் தாண்டிக்கொண்டே இருக்கிறதா, கெட்டி ஆயிலைத் தேடும் முன் ஆயில் கூலர் போடுங்கள். அதையும் தெர்மோஸ்டாட் உள்ள பிளேட்டோடு போடுங்கள். அது இல்லாவிட்டால், டிராக்குக்காகப் போட்ட கூலர் சாதாரண நாட்களில் ஆயிலைச் சூடாகவே விடாது. ஈரமும் பெட்ரோலும் சம்ப்பிலேயே தங்கிவிடும்.