பே ஆஃப் ஃபயர்ஸ் தடத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவின் வடகிழக்கில், செயின்ட் ஹெலன்ஸ் ஊரைச் சுற்றி 2019-இல் மலை சைக்கிள் தடங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் பலரும் தேடிப் போவது 42 கிலோமீட்டர் பே ஆஃப் ஃபயர்ஸ் தடம். புளூ டியர் மேட்டுநிலத்தில் தொடங்கி மழைக்காட்டுக்குள் இறங்கி, ஸ்விம்கார்ட் கடற்கரையில் முடியும். தொடக்கமும் முடிவும் வேறு வேறு இடங்கள் என்பதால், சைக்கிளோடு மேலே கொண்டுவிடும் ஷட்டில் வேனுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

மலையிலிருந்து கடலுக்குத்தானே, இறக்கம்தான் என்று நினைத்துவிட வேண்டாம். நடுவில் ஏற்றங்கள் உண்டு. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும் சாப்பாடும் கட்டாயம். மேலே குளிரும், கீழே வெயில் அடிக்கும். காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

இந்தத் தடத்தில் கவனிக்க வேண்டியது மண். மேலே காட்டில் ஈர வேர்கள். கீழே காய்ந்த கருங்கல் சரளை. இரண்டுக்கும் ஒரே டயரில் ஒரே காற்றோடு போக வேண்டியிருக்கிறது. 75 கிலோ எடை உள்ளவர் 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் காற்றழுத்தத்தை முன்னே 22, பின்னே 25 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். டியூப் போட்டிருந்தால் நான்கு கூட்டுங்கள். குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். 10 டிகிரி குளிர்ந்தாலே 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கிவிடும். அதனால் காற்றை அறையில் பார்த்தால் போதாது, மேலே வேனிலிருந்து இறங்கியதும் காற்றழுத்த மானி வைத்துப் பாருங்கள்.

ஈர வேரின்மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. வேருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரம் வேரை நேர்க்குறுக்காகக் கடக்கும்படி விடுங்கள். சாய்வாக ஏறினால் முன்சக்கரம் வேரோடு வழுக்கிப் போகும். சரளை வளைவிலும் இதே கதைதான்: வேகத்தை வளைவுக்கு முன்னால் குறைத்து முடித்துவிட்டு, உள்ளே வெளிப்பக்கப் பெடலை அழுத்தி நில்லுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே போனால் டிஸ்க் சூடேறிப் பிடிப்பு குறையும். அழுத்திப் பிடித்து, முழுதாக விடுவதுதான் சரி. பிரேக் பேடில் 1 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றுங்கள்.

பையில் டியூப் ஒன்று, டயர் நெம்பு இரண்டு, ஓட்டையை அடைக்கும் டியூப்லெஸ் பிளக், பம்ப், செயின் கழற்றி, அறுந்த செயினை இணைக்கும் குவிக் லிங்க். 11 கியர் செயினின் லிங்க் 12 கியர் செயினுக்குப் பொருந்தாது, பார்த்து வாங்குங்கள். பலர் மறப்பது டீரெயிலியர் ஹேங்கர்: பின் கியர் மாட்டியிருக்கும் அந்தச் சிறு உலோகத் துண்டு பிரேமுக்கு பிரேம் மாறும். கல்லில் அடித்து வளைந்தால் கடையில் உங்கள் பிரேமுக்கு உரியது கிடைப்பது அதிர்ஷ்டம்.

காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது. தடவரைபடத்தை முந்தின நாளே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டிப் பலகைகளில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். அவசர எண் 000.

கடைசியாக, சேறு. பைட்டாப்தொரா என்னும் வேரழுகல் நோய் டாஸ்மேனியாவில் இருக்கிறது; டயரிலும் செருப்பிலும் ஒட்டிய ஈரமண்ணோடு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போய்விடும். சவாரிக்கு முன்னும் பின்னும் டயர், பெடல், காலணி அடி மூன்றையும் தேய்த்துக் கழுவிக் காயவிட்டுத்தான் அடுத்த தடத்தில் ஏற வேண்டும். வெளிநாட்டிலிருந்து சைக்கிள் கொண்டுபோகிறவர்கள் வீட்டிலேயே இதைச் செய்துவிடுங்கள். மண் ஒட்டியிருந்தால் ஆஸ்திரேலிய விமான நிலையச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.