ஆவுளியாவைப் பற்றிப் பிள்ளைகளை எழுத வைப்பது எப்படி

சேதுபாவாசத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அழிந்துவரும் உயிரினம் பற்றி எழுதச் சொன்னால் பிள்ளைகள் பனிக்கரடியை எழுதி வருவார்கள். எதிரே கிடக்கும் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அரசு 2022இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடல்பசுவைத்தான் இங்கே ஆவுளியா என்பார்கள். அதனால் நான் பாடத்தை அவர்கள் வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறேன்.

முதல் நாள் புத்தகமே வேண்டாம். "ஆவுளியா பாத்திருக்கியளா தாத்தா?" என்று மட்டும் கேட்டுவரச் சொல்லுங்கள். கடல்பசு என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எந்த வருஷம் என்றாலும் பதில் வராது. கஜா புயலுக்கு முந்தியா பிந்தியா என்றால் சட்டென்று வரும். 2018 நவம்பரை இங்கே யார் மறப்பார்கள்? கண்ணால் கண்டது நோட்டில் ஒரு பக்கம், கேள்விப்பட்டது மறுபக்கம். சிலர் ஓங்கலை, அதாவது டால்பினை, ஆவுளியா என்று நினைத்திருப்பார்கள். நாமாக எடுத்துக்கொடுக்காமல் மணலில் வரைந்து காட்டச் சொல்ல வேண்டும். முதுகில் துடுப்பு வரைந்தால் அது ஆவுளியா இல்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அந்தக் காலத்தில் ஆவுளியாக் கறி தின்றதைப் பெரியவர்கள் சொல்லக்கூடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது, வேட்டையாடினால் சிறை. சொன்னவர் பெயரோ தெருவோ நோட்டில் ஏறக் கூடாது. பேரப்பிள்ளையை நம்பிச் சொன்ன பேச்சு அது.

பிறகு புத்தகம். கடற்புல் தின்னும் பாலூட்டி; ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே குட்டி ஈனும்; அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். தாத்தா சொன்னதோடு எது ஒத்துப்போகிறது, எது முட்டுகிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும்.

எழுதுவதில்தான் அதிக நேரம் போகும், போகட்டும். எங்கள் முதல் அறிக்கை "கடல்பசு என்பது பாலூட்டி வகுப்பைச் சார்ந்த" என்று தொடங்கியது. மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டினோம். யாரும் நின்று படிக்கவில்லை. வீட்டில் ஆச்சிக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். ஆச்சி எங்கே கவனம் தப்பினாரோ அந்த வரியை அடித்தோம். மூன்றாவது தடவை இப்படி வந்தது: "வலையில ஆவுளியா மாட்டுனா உடனே வலைய அறுத்து விடுங்க. மூச்சுக்கு மேல வராட்டி செத்துப்போகும். அது மீன் இல்ல."

ஒட்டும்போது கீழே நாலு விரல் இடம் விட்டு, ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். எங்கள் தாளில் ஒருவர் எழுதியிருந்தார்: "குட்டி தாய்கூடவே வரும். அதையும் போடுங்க." அடுத்த தாளில் போட்டோம்.