ராஸ்பெர்ரி பைக்கு நிலையான ஐபி

வீட்டில் விளம்பரங்களைத் தடுக்க ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் பை-ஹோல் என்ற மென்பொருள் ஓடுகிறது. கரண்ட் போய் வந்தால் சில நேரம் ரவுட்டர் அதற்கு வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்துவிடும். டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது தளப் பெயர்களை ஐபியாக மாற்றித் தரும் சேவைக்கு, பையின் பழைய முகவரியையே தேடும் ஃபோன்களில் இணையம் படுத்துவிடும்.

பழைய குறிப்புகள் பலவும் ஐபியை நிலையாக்க டிஹெச்சிபிசிடி என்ற நெட்வொர்க் நிரலின் கோப்பைத் திருத்தச் சொல்கின்றன. 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பிலிருந்து இந்த வேலையை நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல் பார்க்கிறது. அந்தக் கோப்பைத் தொட்டுப் பயனில்லை.

டெர்மினலில் அதன் அமைப்புத் திரையான என்எம்டியுஐ-யை சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) திறந்தேன். கேபிள் இணைப்பைத் தேர்ந்து, ஐபிவி4-ஐ ‘மேனுவல்’ ஆக்கினேன். முகவரி 192.168.1.200/24, கேட்வே (ரவுட்டரின் முகவரி) 192.168.1.1, டிஎன்எஸ் 1.1.1.1. அந்த /24-ஐ விட்டுவிடாதீர்கள், சப்நெட்டின் (வீட்டு நெட்வொர்க்கின்) அளவு அதில்தான் இருக்கிறது.

இதோடு முடிந்தது என்று பல குறிப்புகள் நிறுத்திவிடுகின்றன. ஆனால் ரவுட்டர் தானாகப் பங்கிடும் வரம்புக்குள் 200 இருந்தால், அதே எண்ணை நாளைக்கு டிவிக்கும் கொடுத்துவிடும், இரண்டும் மோதும். அதனால் ரவுட்டரில் வரம்பை 100 முதல் 199 வரை என்று சுருக்கினேன். அப்புறம் ரீபூட். வேறு கணினியிலிருந்து பைக்குள் நுழைந்திருந்த பழைய எஸ்எஸ்எச் சன்னல் அப்படியே உறைந்து நிற்கும். அதை மூடிவிட்டுப் புது முகவரியில் நுழைந்தால் சரி.