மர எல்லையில் நிற்கும் பைன் மரங்களில் வெப்பமாதலின் தடத்தைப் படிப்பது எப்படி

மலையில் ஓர் உயரத்துக்கு மேல் மரங்கள் நின்றுபோய், புல்லும் பாறையும் மட்டும் எஞ்சுகிற இடத்தை மர எல்லை என்கிறோம். உலகின் பெரும்பாலான மலைகளில் இது, வளர்பருவத்தின் சராசரி வெப்பநிலை 6 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் உயரத்தை ஒட்டியே அமைகிறது. அதைவிடக் குளிர்ந்தால், ஒளிச்சேர்க்கை ஓரளவு நடந்தாலும், புதிய மரத்திசுவை உருவாக்கும் செல் பிரிதல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே வெப்பம் கூடினால் அங்குள்ள ஊசியிலை மரங்கள் விரைந்து வளரும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. அந்த எதிர்பார்ப்பை ஒரு மலையில் எப்படிச் சரிபார்ப்பது என்பதை, கலிபோர்னியாவின் ஒயிட் மலைத்தொடரில் வளரும் பிரிசில்கோன் பைன் மரங்களைக் கொண்டு விளக்குகிறேன். இவற்றுள் சில 4,000 ஆண்டுகளைக் கடந்தவை என்பதை 1950களில் மரவளைய ஆய்வாளர் எட்மண்ட் ஷுல்மன் வெளிக்கொணர்ந்தார். மரம் பொதுவாக ஆண்டுக்கு ஒன்றாகத் தண்டில் இடும் வளையங்களின் அகலத்தைக் கொண்டே அந்தந்த ஆண்டின் வளர்ச்சியைக் கணிக்கிறோம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். பலர் அவசரப்படுவதும் இங்கேதான். ஒவ்வொரு மரமும் மர எல்லைக்கு எத்தனை மீட்டர் கீழே நிற்கிறது என்பதைச் செங்குத்து உயரமாக அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இந்த மலைத்தொடரில் செய்யப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு, எல்லைக்குக் கீழே ஏறத்தாழ 60 முதல் 80 மீட்டருக்குள் ஒரு திருப்பம் இருப்பதைக் காட்டியது. அதற்கு மேலே நிற்கும் மரங்கள் வெப்பமான ஆண்டுகளில் நன்றாக வளர்ந்தன. அதற்குக் கீழே நிற்பவையோ, தாழ்ந்த சரிவுகளின் மரங்களைப் போலவே, மழைக்கும் ஈரத்துக்கும் ஏற்ப வளர்ந்தன. இவ்வளவு குறுகிய தூரத்தில் ஒரே இன மரத்தின் போக்கு மாறிவிடுவதால், இரு வகை மரங்களின் அளவுகளையும் கலந்து சராசரி எடுத்தால் வெப்பத்தின் தடமும் வறட்சியின் தடமும் ஒன்றையொன்று மறைத்துவிடும். சரிவு எந்தத் திசையை நோக்கியது என்பதையும் எழுதி வையுங்கள். தெற்கு நோக்கிய சரிவின் உச்சி மரங்கள் வடக்குச் சரிவில் உள்ளவற்றைவிட வேகமாக வளர்ந்து வந்தவை. ஆனால் 1990களின் நடுப்பகுதியிலிருந்து அவற்றின் வளர்ச்சி குறைந்திருக்கிறது. குளிர் அங்கே இனி முதன்மைத் தடையாக இல்லாமல் போயிருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது.

வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்த மரத்தையும் துளையிடக் கூடாது. அனுமதி கிடைத்த பிறகும், இத்தனை காலம் நின்ற மரத்தில் தேவைக்கு மேல் ஒரு துளைகூட இடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உள்ளீடற்ற துளைக்கருவியால், வளையங்கள் தெரியும்படி, பென்சிலைவிட மெல்லிய மாதிரியைத் தண்டிலிருந்து எடுக்க வேண்டும். ஊசியிலை மரம் சரிவில் நிற்கும்போது, பள்ளத்தை நோக்கிய பக்கத்தில், தண்டைத் தாங்கும் தடித்த மரத்திசுவை வளர்த்துக்கொண்டு வளையங்களின் இயல்பான அகலத்தை மாற்றிவிடும் என்பதால், மேட்டுப் பக்கத்தையும் பள்ளப் பக்கத்தையும் விட்டுவிட்டுச் சரிவுக்குக் குறுக்காகவே துளையிடுங்கள். முதிய மரங்களில் பட்டை ஒரு கீற்றாக மட்டுமே உயிரோடு இருக்கும். வளர்ச்சி முழுவதும் அந்தக் கீற்றில் குவிவதால், வளையத்தின் அகலம் மட்டும் பார்ப்பவரை ஏமாற்றக்கூடும். அத்தகைய மரங்களைத் தனியே குறியுங்கள்.

மாதிரியை மணல்தாளால் வழவழப்பாகத் தேய்த்த பின், வெளியிலிருந்து உள்நோக்கி வளையங்களை எண்ணினால் மட்டும் போதாது. கடுமையான ஆண்டுகளில் இம்மரம் சில இடங்களில் வளையமே இடாமல் விட்டுவிடும். ஆகையால் பல மரங்களின் குறுகிய வளையங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று ஒன்றோடொன்று பொருத்தி, விடுபட்ட ஆண்டுகளைக் கண்டுபிடித்த பிறகே ஒவ்வொரு வளையத்துக்கும் ஆண்டைக் குறிக்க வேண்டும்.

அடுத்து வருவது நுட்பமான வேலை. மரம் பருக்கப் பருக்க வளையங்கள் இயல்பாகவே குறுகுவதால், அந்த வயதுப் போக்கைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் தரவின் ஒவ்வொரு வளைவையும் பின்தொடரும் நெகிழ்வான கோட்டைப் பொருத்தி நீக்கினால், பல பத்தாண்டுகளாக மெதுவாக ஏறிய வெப்பத்தின் தடமும் சேர்ந்தே அழிந்துவிடும். எனவே திருத்தாத அகலங்களையும் அருகிலேயே வைத்து ஒப்பிடுங்கள். மேற்கு அமெரிக்காவில் மர எல்லையை ஒட்டிய மூன்று இடங்களை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிசில்கோன் வளையங்கள் கடந்த 3,700 ஆண்டுகளின் வேறெந்த 50 ஆண்டுகளையும்விட அகலமாக இருந்ததாகக் கண்டது.

வளையம் அகலமாவதும் மர எல்லை மேலேறுவதும் வெவ்வேறு. பின்னதை அறிய, எல்லைக்கு மேலே முளைத்துள்ள இளங்கன்றுகளை இனவாரியாக எண்ண வேண்டும். உலகெங்கும் 166 இடங்களைத் தொகுத்து 2009இல் வெளியான மற்றொரு ஆய்வில், 52 விழுக்காடு இடங்களில் எல்லை முன்னேறியிருந்தது. 1 விழுக்காட்டில் மட்டுமே பின்வாங்கியிருந்தது. ஒயிட் மலைத்தொடரிலோ, பிரிசில்கோனை முந்திக்கொண்டு, லிம்பர் பைன் என்ற வேறோர் இனத்தின் கன்றுகள் மேலே பரவுகின்றன. லிம்பர் பைனின் இறகற்ற பெரிய விதைகளை நட்கிராக்கர் பறவைகள் எடுத்துச் சென்று மண்ணில் புதைத்து வைக்கும் பழக்கத்தையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். எனவே இனப் பெயரைக் குறிக்காமல் கன்றுகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதினால், எந்த மரம் மேலேறுகிறது என்ற கேள்விக்கு உங்கள் குறிப்பேட்டில் விடை இருக்காது.